அழகன்குளத்து வளையம், பெரியபட்டினத்துப் பச்சை, கண்மாய் மண்: இராமநாதபுரம் கடலோரத்தில் செராமிக் செய்ய, ஓர் உரையாடல்

கரைமண்

வணக்கம். அழகன்குளத்தில் கிடைத்த ரூலட் ஓடுகளை (உள்ளடியில் குறி வளையங்கள் போட்ட பழங்காலத் தட்டுகளின் துண்டுகள்) ஆதாரமாக வைத்து ஒரு தட்டு வரிசை செய்யும் திட்டம். அகலம் 28 செ.மீ., தட்டையான அடி, உள்ளே வளைந்த விளிம்பு, உள்ளடியில் கொத்துக் கொத்தாக வளையங்கள். மண், கடலுக்கு அருகில் உள்ள கண்மாய் ஒன்றில் அனுமதியோடு எடுத்த கருப்பு வண்டல். சூளை, ஃபைபர் பதித்த 8 கன அடி கேஸ் சூளை. பிஸ்க் (கிளேஸ் பூசும் முன் சுடும் முதல் சூடு) 950 டிகிரி, கிளேஸ் (கண்ணாடிப் பூச்சு) சூடு 1220 என்று கணக்கு.

தட்டு காய்ந்ததும் விளிம்பு முழுக்க வெள்ளையாகப் பூக்கிறது. பிஸ்க் முடிந்து ஒரு வாரத்தில் அங்கங்கே சின்னச் சின்னக் குழியாகப் பொரிந்து விழுகிறது; ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. அடுத்தது, அந்த வளையங்களை எந்தக் கருவியால் போட்டார்கள் என்பது. கடைசியாக, கிளேஸுக்கு இந்தக் கரையிலேயே கிடைக்கும் பொருள் எதுவெல்லாம் உதவும்? சங்கு, சாம்பல், பாசி, உப்பு என்று யோசனை ஓடுகிறது.

சூளையடி

தம்பி, வெள்ளை பூப்பதும் குழி விழுவதும் வேறு வேறு நோய். முதலாவது உப்பு, இரண்டாவது சிப்பி. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒன்று தீர்ந்து மற்றது கூடும்.

முதலில் சோதனை. நன்றாகக் காய்ந்த மண்கட்டி ஒன்றில் வினிகர் சொட்டுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. உப்புக்கு: ஒரு கிலோ காய்ந்த மண்ணை 3 லிட்டர் மழைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய விட்டு, மேல் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து எவர்சில்வர் தட்டில் வற்ற வையுங்கள். படிவதை நாக்கே சொல்லிவிடும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் வெள்ளி நைட்ரேட் கிடைத்தால் தெளிந்த நீரில் ஒரு சொட்டு விடுங்கள். பால் போல வெளுத்தால் குளோரைடு.

விளிம்பில் மட்டும் பூப்பதற்குக் காரணம், ஈரம் அங்கேதான் வேகமாக வெளியேறுகிறது. தண்ணீர் உப்பைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கே விட்டுவிட்டுப் போகிறது. அதன் மேல் கிளேஸ் பூசினால் ஊசித்துளை விழும், சில இடத்தில் சுருண்டு விலகும். ஸ்பாஞ்சால் துடைப்பதில் பயனில்லை. துடைத்த ஈரம் காயும்போது மறுபடி பூக்கும்.

கழுவும் முறை: மண்ணை எலும்பு போலக் காய வைத்து உடையுங்கள். அரை ஈரத்தில் இருக்கும் மண் கரையவே கரையாது, காய்ந்த மண் பத்து நிமிடத்தில் தானாக நொறுங்கி இறங்கும். ஒரு பங்கு மண்ணுக்கு 4 பங்கு தண்ணீர். கலக்கி, 30 மெஷ் (அங்குலத்துக்கு 30 கண் உள்ள சல்லடை) வழியாக ஒரு தடவை, 80 மெஷ் வழியாக ஒரு தடவை வடித்து, தெளிந்ததும் மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். இந்தத் தண்ணீர்தான் முக்கியம். கரையோர போர் தண்ணீரில் கழுவினால் உப்பை எடுத்து உப்பைப் போட்ட கதை. ஊருணித் தண்ணீர், மழைத் தண்ணீர் இரண்டில் ஒன்று.

எத்தனை முறை என்று எண்ண வேண்டாம், தெளியும் நேரத்தைப் பாருங்கள். உப்பு இருக்கும்வரை மண் துகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சீக்கிரம் கீழே உட்காரும், மேலே தண்ணீர் கண்ணாடி போல நிற்கும். அதைப் பார்த்து மண் சுத்தம் என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையில் தலைகீழ். உப்பு போகப் போகத் தண்ணீர் தெளிய நேரமாகும். மூன்றாவது, நான்காவது கழுவலில் ஒரு நாள் கழித்தும் கலங்கலாக நின்றால்தான் உப்பு வெளியேறிவிட்டது என்று அர்த்தம். அப்போது வாளிக்கு இரண்டு மூடி வினிகர் விட்டால் மண் இறங்கும்.

பேரியம் கார்பனேட் போடச் சொல்லி யாராவது சொல்வார்கள். அது சல்ஃபேட் உப்பைத்தான் கட்டிப்போடும். கடல் உப்பு குளோரைடு, அதற்கு வேலை செய்யாது. அது விஷமும்கூட. இந்த மண்ணுக்கு வேண்டவே வேண்டாம்.

மட்டிக்கரை

சிப்பி விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மண்ணில் கலந்திருக்கும் சிப்பித் துண்டு 700-க்கு மேல் சிதையத் தொடங்கி 900 ஆகும்போது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். சூளையிலிருந்து எடுத்த பிறகு காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து நீற்றுச் சுண்ணாம்பாக உப்பும். உப்பும்போது மேலே உள்ள மண்ணைச் சில்லாகத் தள்ளிவிடும். 950-ல் சுட்டு, கடற்கரை ஈரக்காற்றில் ஒரு வாரம் வைத்தால் நீங்கள் சொன்னதேதான் நடக்கும்.

அரை மில்லிமீட்டருக்கு மேலான துண்டுதான் கெடுதல் செய்யும். 80 மெஷ் என்பது ஏறத்தாழ 0.18 மி.மீ.; அதைத் தாண்டி வரும் தூள் உப்பினாலும் ஓடு தாங்கும். அதனால் பிசைந்த மண்ணில் பொறுக்கிக்கொண்டிருக்காமல் கரைத்து வடிப்பதே வழி. ஏற்கெனவே சுட்ட தட்டுகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால், சூளையிலிருந்து எடுத்த கையோடு 24 மணி நேரம் முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். சுண்ணாம்பு மெதுவாக உப்புவதற்குப் பதிலாக உடனே இளகிக் கரையும். பொரிந்தபின் ஊறப் போட்டுப் பயனில்லை.

சூளையடி அண்ணன் சொன்ன "ஒன்று தீர்ந்து மற்றது கூடும்" என்பதை எல்லோரும் கவனிக்க வேண்டும். சிப்பித் தூள் கலந்த மண்ணைக் கடல்நீரில் பிசையும் பழக்கம் பசிபிக் தீவுகளில் உண்டு. உப்பு இருந்தால் சுண்ணாம்புப் பொரிதல் குறையும். எடையில் 1 சதவீத அளவே போதும். ஆகவே உப்பை நன்றாகக் கழுவிவிட்டுச் சிப்பியை வடிக்காமல் விட்டால், கழுவாத மண்ணைவிட அதிகமாகப் பொரியும். வடிப்பது முதல் வேலை, கழுவுவது அடுத்தது.

மணல் சேர்ப்பதாக இருந்தால் வைகை ஆற்று மணல். கடல் மணலில் உப்பும் சிப்பியும் சேர்ந்தே வரும்.

சூளையடி

மட்டிக்கரை சொன்னது சரி. இன்னொன்று விட்டுப்போனது: 1220. இந்த மண்ணை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். இரும்பும் சுண்ணாம்பும் உள்ள கண்மாய் வண்டல் 1050 வாக்கில் இறுகும், 1100 தாண்டினால் ஊதிப் பொங்கும், 1200-ல் ஷெல்ஃபில் குட்டையாகக் கிடக்கும். ஷெல்ஃபும் போச்சு, பக்கத்தில் வைத்ததும் போச்சு. விரல் அளவு துண்டு ஒன்றை, மேடை போல இரண்டு முனையில் தாங்கு கொடுத்து, தூக்கிப்போடக்கூடிய ஓட்டின் மேல் வைத்து 1050, 1100, 1150 என்று மூன்று சூட்டில் பாருங்கள். நடுவில் எவ்வளவு தொய்கிறது என்பதே பதில்.

எனவே இரண்டு பாதை. கண்மாய் மண்ணில் தட்டு செய்து 950-க்குள் சுட்டு, கருப்பு ஸ்லிப் (நுண்மண் கரைசல் பூச்சு) மினுக்கத்தோடு நிறுத்துவது ஒன்று. ரூலட் தட்டின் இயல்பு அதுதான். இல்லையென்றால் வாங்கிய ஸ்டோன்வேர் (அதிகச் சூடு தாங்கும்) மண்ணில் செய்து, கண்மாய் மண்ணைக் கிளேஸாகப் பயன்படுத்துவது. 1220-ல் உருகுவது உடம்புக்குக் கேடு, கிளேஸுக்கு வரம். கழுவி வடித்த கண்மாய் மண் 70, மரச்சாம்பல் 30 என்று தொடங்குங்கள். 1250-ஐ ஒட்டிப் பனைவெல்லப் பாகு நிறத்தில் ஓடும். மண்ணே அதிகமாக இருப்பதால் பூச்சு சுருங்கி வெடிக்கும். பாதி மண்ணை 700-ல் சுட்டுப் பொடித்துக் கலந்தால் நிற்கும்.

திகிரி

வளையத்துக்கு வருகிறேன்.

ரூலட் ஓட்டை 1945-ல் அரிக்கமேட்டில் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் சரக்கு என்று எண்ணினார். பிறகு மண்ணின் கனிமங்களை ஆராய்ந்தபோது இந்தியச் சரக்கு என்று தெளிவானது. கங்கைக் கழிமுக மண்ணோடு ஒத்துப்போகிறது என்று ஒரு தரப்பும், தெற்கிலும் செய்திருக்கலாம் என்று மற்றொரு தரப்பும் சொல்கின்றன. இலங்கையிலும் பாலித் தீவிலும்கூட இதே ஓடு கிடைக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1986-87-லிருந்து அழகன்குளத்தில் பலமுறை அகழ்ந்திருக்கிறது. ரூலட் ஓட்டோடு ஆம்போரா சாடித் துண்டும் தமிழ்-பிராமி எழுத்துள்ள ஓடும் அங்கே கிடைத்தன. ஆக, "அழகன்குளத்து மண்ணில் செய்த ரூலட்" என்று குறிப்பு எழுத வேண்டாம். வைகை முகத்துவாரத்தில் இறங்கிய ஓடு என்று எழுதினால் பிழையில்லை.

கருவி இரண்டு விதம். ஒன்று பல்சக்கரம்: பழைய சுவர்க்கடிகாரத்தின் பித்தளைப் பல்சக்கரத்தைக் கம்பியில் கோத்து, சுழலும் தட்டின் மேல் உருட்டுவது. இன்னொன்று துள்ளும் தகடு. ஓட்டை உற்றுப் பார்த்தால் எதில் செய்தது என்று ஓரளவு சொல்லலாம். பல்சக்கரத்தில் உள்வளையமானாலும் வெளிவளையமானாலும் குறிகளின் இடைவெளி ஒன்றுதான். தகட்டில் இடைவெளி மாறும், ஒவ்வொரு குறியும் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோடியும் ஆப்பு வடிவில் இருக்கும்.

தகட்டு முறை: அட்டைப்பெட்டிக் கட்டுகளில் வரும் ஸ்டீல் பட்டை, 12 மி.மீ. அகலம், அரை மி.மீ. கனம். 15 செ.மீ. வெட்டி, முனையில் ஒரு செ.மீ.யைச் செங்குத்தாக மடக்கி, விளிம்பை அரத்தால் கூராக்குங்கள். தட்டைச் சக்கரத்தில் நடுமையம் பார்த்து வைத்து, அடியைச் சீவிச் சமமாக்கிக்கொள்ளுங்கள். சின்ன மேடு இருந்தாலும் தகடு அந்த இடத்தில் தாவிவிடும். பட்டையின் பின்கோடியை விரல் நுனியில் தளர்வாகப் பிடித்து, மடக்கிய முனை மண்ணைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி இறக்குங்கள். இறுக்கிப் பிடித்தால் கோடு விழும், குறி விழாது. சரியான இடத்தில் "டர்ர்ர்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் மாறாமல் இருந்தால் குறியும் மாறாது.

மண்ணின் பதம்: நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், தட்டைத் தூக்கினால் வளையக்கூடாது, நிறம் வெளுக்கத் தொடங்கியிருக்கக்கூடாது. ஈரம் அதிகமானால் குறியின் ஓரத்தில் மண் சுருண்டு ஒட்டும். காய்ந்துபோனால் பொடி பறக்கும், குறியின் மூலை உடையும். சுருண்ட மண்ணை அப்போதே கையால் தள்ளாதீர்கள், குறி அடைத்துக்கொள்ளும். முழுக்கக் காய்ந்தபின் மென்தூரிகையால் தட்டினால் உதிரும்.

மையத்தை நோக்கிப் போகும்போது சக்கரத்தின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். தகடு துள்ளும் வேகம் ஏறத்தாழ ஒன்றேதான். உள்ளே போகப் போக அதன் கீழே ஓடும் மண்ணின் வேகம் குறைவதால் குறிகள் நெருங்கிவிடும். அந்த நெருக்கமே அழகு என்று நினைத்தால் வேகத்தை மாற்றாமல் விடுங்கள். மணற்பரப்பில் காற்று போடும் வரி போல விளிம்பில் விரிந்து நடுவில் செறியும்.

கொண்டல்

திகிரி ஐயா இவ்வளவு விவரமாகச் சொன்னபிறகு ஒரு மாற்றுக் கருத்து. கரையை ஆதாரமாகக் கொண்ட வேலை என்றாலே மீன், படகு, பாம்பன் பாலம் என்று படம் வரைவதில் போய் நிற்கிறது. அழகன்குளத்தில் ஓட்டின் மேல் கீறிய கப்பல் உருவம் ஒன்று கிடைத்தது உண்மை. அதைக் கோப்பையில் அச்சு ஒட்டுவதால் கரைக்கும் களிமண்ணுக்கும் என்ன உறவு வந்துவிடப் போகிறது? கரை நமக்குக் கொடுப்பது உப்பு, சுண்ணாம்பு, காற்று. அவை மண்ணை என்ன செய்கின்றன என்பதுதான் இந்த ஊர்க் கலைஞருக்கான ஊற்று என்பது என் எண்ணம்.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பின் நிற்கும் சுவர்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். முருகைக்கல்லின் (பவளக்கல்) துளைகள் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய துளைக்குள் சிறு துளை, காற்று அடிக்கும் பக்கம் அரித்து வாய் அகன்றது, மறுபக்கம் ஊசிக்கண். அதை அச்சு எடுத்து ஒட்டினால் பிளாஸ்டிக் போல இருக்கும். சமையலறைப் பொருளை வைத்து மண்ணுக்குள்ளிருந்தே கொண்டுவரலாம்: கேழ்வரகு, கடுகு, மிளகு. மூன்றையும் வறுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஈரமண்ணில் ஊறி உப்பி வெடிப்பு விடும், கடுகு முளைக்கவும் செய்யும். வறுத்ததைத் துளி எண்ணெயில் புரட்டி, பிசைந்த மண்ணில் கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலந்து, அன்றைக்கே தகடாகத் தட்டிச் செய்துவிட வேண்டும். சூளையில் 300 முதல் 450 வரை மணிக்கு 60 டிகிரிக்கு மேல் ஏற்றாமல், கதவில் இடைவெளி விட்டு எரியுங்கள். புகை நிறைய வரும். வேகமாகப் போனால் கரி உள்ளே சிக்கி, பிறகு கிளேஸில் கொப்புளமாக வெளிப்படும்.

மட்டிக்கரை

அக்கா சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. முருகைக்கல்லைப் பார்த்துக் கற்கலாம், எடுக்கக்கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. பவளம் 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, கரையில் ஒதுங்கிய செத்த துண்டாக இருந்தாலும் சட்டம் சட்டம்தான். கடல்புல்லையும் பிடுங்க வேண்டாம். கிளேஸுக்குச் சுண்ணாம்பு வேண்டுமென்றால் கீழக்கரை, இராமேஸ்வரம் பக்கம் சங்கு அறுக்கும் பட்டறைகளில் விழும் தூளும் துண்டும் போதும். சாப்பிட்ட மட்டி ஓடும் ஆகும்.

கரைமண்

வினிகர் விட்டதும் நுரைத்தது. வற்ற வைத்த தட்டில் வெள்ளைப் படிவும் நன்றாகவே தெரிந்தது. இரண்டும் இருக்கிறது. வடித்துக் கழுவத் தொடங்கிவிட்டேன்.

சங்குத் தூளை அப்படியே கிளேஸில் போடலாமா, சுட்டுப் போட வேண்டுமா? கொண்டல் அக்கா, பெரியபட்டினத்துச் சீனப் பச்சை ஓடுகள் பற்றி ஒரு வரி சொல்லுங்களேன். அந்த நிறத்தைச் சங்குச் சுண்ணாம்பில் கொண்டுவர முடியுமா?

கொண்டல்

முடியும். பெரியபட்டினத்தில் 1987-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்தபோது ஏராளமான சீன ஓடுகள் கிடைத்தன. 13, 14-ஆம் நூற்றாண்டுச் செலடன் பச்சை அதில் முக்கியம், பெரும்பாலும் லுங்சுவான் சூளைகளின் சரக்கு. அந்தப் பச்சை சாயம் அல்ல. சிறிதளவு இரும்பு, ஆக்சிஜன் குறைந்த சூட்டில் (ரிடக்‌ஷன்) மாறிய நிறம். கூடவே கிளேஸின் கனமும் அதற்குள் சிக்கிய நுண்குமிழ்களும்தான் அந்த ஆழத்தைக் கொடுக்கின்றன.

தொடங்கும் கலவை: பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் 40, குவார்ட்ஸ் மாவு 30, கால்சியம் கார்பனேட் 20, சைனா களிமண் 10. இதன் மேல் சிவப்பு இரும்பு ஆக்சைடு 1 முதல் 1.5. சூடு கோன் 9, 10, அதாவது 1260-லிருந்து 1290-க்குள். உடம்பு வெளிர் ஸ்டோன்வேராக இருக்க வேண்டும். கால்சியம் கார்பனேட்டின் இடத்தில் சங்குத் தூள் அப்படியே எடைக்கு எடை உட்காரும், சங்கு கிட்டத்தட்ட முழுக்க அதேதான்.

சங்கை இடிப்பது கடினம். 500-லிருந்து 600 டிகிரிக்குள் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள். அந்தச் சூட்டில் சங்கின் உள்கட்டு மாறி மொறுமொறு என்றாகும், சுண்ணாம்பாக மாறாது. உரலில் இடித்து, பாட் மில்லில் (குண்டுகள் உருளும் அரைவை ஜாடி) அரைத்து, 200 மெஷில் சலித்துக்கொள்ளலாம். முன்னதாக இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊற வைத்து உப்பை எடுத்துவிடுங்கள். அரைக்கும்போது தூசு மூச்சில் போகக்கூடாது, முகக்கவசம் கட்டாயம்.

900-க்கு மேல் சுட்டு நீற்றிவிட்டால் கணக்கு மாறும். 100 கிராம் சங்குத் தூளுக்கு ஈடு 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. ஆனால் வாளியில் கிளேஸ் தயிர் போலக் கெட்டியாகும், கையை அரிக்கும். அதனால் அந்த வழி வேண்டாம்.

பூச்சு: மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது, மொத்தம் ஒன்றிலிருந்து ஒன்றரை மி.மீ. ரூலட் குறியின் மேல் இந்தக் கனம் போட்டால் பள்ளத்தில் தேங்கி அடர் பச்சை, மேட்டில் வெளிறல். அதற்குக் குறியை வழக்கத்தைவிட ஆழமாகப் போட வேண்டியிருக்கும். ரிடக்‌ஷனை 950-ல் தொடங்குங்கள். கிளேஸ் உருகி மூடியபின் தொடங்கினால் இரும்பு ஏற்கெனவே மஞ்சளாக நின்றுவிடும். சூளையின் கண்துளையில் விரல் நீளத்துக்கு மென்மையான தீநாக்கு வந்தால் போதும். கரும்புகை வந்தால் கேஸ் வீண், கிளேஸில் சாம்பல் நிறக் கறை.

திகிரி

> அதற்குக் குறியை வழக்கத்தைவிட ஆழமாகப் போட வேண்டியிருக்கும்.

பட்டையின் நீளத்தைக் கூட்டினால் துள்ளல் பெரிதாகும், குறி ஆழமாகும். 15 செ.மீ.க்குப் பதில் 20. அடியின் கனம் 8 மி.மீ.க்குக் குறையக்கூடாது.

எனக்கு இரண்டையும் கலப்பதில் முழு உடன்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரூலட் குறியின் உயிர் அதன் கூர்மை. தடித்த கண்ணாடிக்குக் கீழே அது மழுங்கும். கருப்பு ஸ்லிப்பில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு குறியும் ஒரு நிழல் போடும், அதை இழக்க வேண்டுமா?

கருப்பு ஸ்லிப்புக்கு: கழுவி வடித்த மண் ஒன்றரை கிலோ, காய்ந்த எடை. மழைத்தண்ணீர் மூன்றரை லிட்டர். மண் துகளைப் பிரித்து மிதக்க விடும் சோடியம் ஹெக்சாமெட்டாஃபாஸ்பேட் 7.5 கிராம், வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். நன்றாகக் கலக்கி 20 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மூன்று அடுக்காகப் பிரியும்: மேலே தண்ணீர், நடுவே மோர் போல மெல்லிய சேறு, அடியில் கெட்டி. மேல் தண்ணீரை நீக்கிவிட்டு, நடு அடுக்கை மட்டும் மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுங்கள். உப்புள்ள மண்ணில் இந்த அடுக்குப் பிரிதலே நடக்காது, எல்லாம் ஒன்றாக அடியில் உட்கார்ந்துவிடும். மேலே சொன்ன கழுவலின் அவசியம் இங்கேதான் தெரியும். எலும்பாகக் காய்ந்த தட்டில் மென்தூரிகையால் இரண்டு மூன்று பூச்சு, ஈரம் உள்ளிழுத்ததும் மெல்லிய பாலித்தீன் பையை விரலில் சுற்றித் தேய்த்தால் கண்ணாடி மினுக்கம் வரும். குறிகளின் மேல் தேய்க்காமல் சுற்றியுள்ள வெறுமையில் மட்டும் தேயுங்கள். 950 தாண்டினால் மினுக்கம் மங்கும்.

கருப்பாக்க: மூடியுள்ள மண் பெட்டிக்குள் தட்டுகளை அடுக்கி, இடைவெளியில் சீமைக்கருவேலக் கரித்தூளும் மரத்தூளும் நிரப்பி, மூடியின் விளிம்பைச் சேறு பூசி அடைத்து 850 வரை சூடேற்றுங்கள். முழுக்க ஆறும்வரை திறக்கக்கூடாது. 400-ல் திறந்தால் காற்று பட்ட இடமெல்லாம் பழுப்பாகத் திரும்பிவிடும். இந்தத் தட்டு நீர் குடிக்கும்; காட்சிக்கும் உலர்ந்த பண்டம் வைக்கவும்தான், குழம்பு ஊற்ற அல்ல.

சூளையடி

சாம்பல் பற்றி யாரும் விவரமாக எழுதவில்லை. மாவட்டம் முழுக்கச் சீமைக்கருவேலம். கரிமூட்டம் போடும் இடங்களில் சாம்பல் மூட்டையாகக் கிடைக்கும், ஆனால் அதில் மண் கலந்திருக்கும். தனியாக எரித்த அடுப்புச் சாம்பல் மேல். 5 பங்கு தண்ணீரில் ஊறப் போட்டு, மிதக்கும் கரியை நீக்கி, 60 மெஷில் வடித்து, மேல் தண்ணீரை மூன்று முறை மாற்றுங்கள். அந்தத் தண்ணீர் காரம், கையுறை இல்லாமல் தொடக்கூடாது. காய்ந்த சாம்பல் 40, ஃபெல்ட்ஸ்பார் 40, பால் கிளே (ball clay, ஒரு வகை நுண்களிமண்) 20 என்று முதல் சோதனை. சாம்பல் கிளேஸ் ஓடும். சோதனை ஓட்டைச் செங்குத்தாக நிறுத்தி அடியில் தட்டு வையுங்கள். ஒவ்வொரு மூட்டைச் சாம்பலும் வேறு. ஒரே மூட்டையில் முழு வரிசையையும் முடித்துவிடுங்கள்.

கடலோரப் பனைமட்டைச் சாம்பலை இதோடு கலக்க வேண்டாம், தனியாகச் சோதியுங்கள். உப்புக்காற்று பட்ட மட்டையில் உப்பு ஏறியிருக்கும்.

மண்டபம் பக்கம் வளர்ப்புப் பாசியின் கழிவு கிடைக்கும். அதன் சாம்பலில் உப்பே அதிகம், கழுவினால் கையில் எதுவும் மிஞ்சாது. அதைக் கிளேஸாக்கப் பாடுபடாமல், காய்ந்த பாசியைப் பிஸ்க் பானையைச் சுற்றிக் கட்டி, மூடிய பெட்டியில் 900 வரை சுடுங்கள். பாசி தொட்ட இடமெல்லாம் செம்மஞ்சளாகவும் கருப்பாகவும் கொடி ஓடியது போலத் தடம் விழும். வெளிர் மண்ணில் மட்டுமே எடுக்கும்.

கரைமண்

உப்புக் கிளேஸ்? வாலிநோக்கம் உப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே.

சூளையடி

உங்கள் சூளையில் கூடாது. 1240-க்கு மேல் வீசிய உப்பு ஆவியாகி, சோடியம் மண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடியாகிறது. அந்த ஆவிக்குப் பானை எது, சுவர் எது என்று தெரியாது. ஃபைபரை ஒரே சூட்டில் மொறமொறப்பாக்கி உதிர்த்துவிடும். கெட்டியான தீச்செங்கல் சூளை வேண்டும், அதுவும் உப்புக்கென்றே ஒதுக்கியது. வெளியேறும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். வீடுகளுக்கு நடுவே செய்யும் வேலை அல்ல. புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் வழியில் வந்தவர்களில் விறகு, உப்புச் சூளை தெரிந்தவர்கள் உண்டு. அப்படிப்பட்ட சூளையில் இடம் கேட்டு நாலு பானை வைப்பதுதான் சரியான தொடக்கம்.

அங்கே வைக்கும்போது மட்டி ஓட்டைத் தாங்கியாக வையுங்கள். அலுமினா ஹைட்ரேட் பாதி, சைனா களிமண் பாதி பிசைந்து ஓட்டுக்குள் அடைத்து, ஓட்டின் முதுகு பானையைத் தொடும்படி மூன்று இடத்தில் வைத்துப் பானையைப் படுக்கப் போட வேண்டும். சூளை ஆறியதும் ஓடு சுண்ணாம்பாகியிருக்கும். தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும், கையுறை போட்டுத் தேய்த்தால் கழன்றுவிடும். மட்டியின் ஒவ்வொரு வரியும் பானையின் தோலில் பதிந்து நிற்கும்.

கொண்டல்

கரைக்கும் களிமண்ணுக்கும் உள்ள உறவு என்று நான் கேட்டது இதைத்தான், அண்ணே.

கரைமண் தம்பிக்குக் காற்றைப் பற்றி ஒரு குறிப்பு. கச்சான் (மேற்குக்) காற்று அடிக்கும் மாதங்களில் 28 செ.மீ. தட்டை வெளியே காய வைத்தால், காற்று படும் பக்கம் முதலில் சுருங்கி விளிம்பு தூக்கிக்கொள்ளும். விளிம்பை மட்டும் பாலித்தீனால் சுற்றி, நடுவைத் திறந்து விடுங்கள். அடியில் மெல்லிய மணலோ செய்தித்தாளோ போட்டால் சுருங்கும்போது வழுக்கிக்கொண்டு நகரும், இல்லையென்றால் பலகையைப் பிடித்துக்கொண்டு நடுவில் வெடிக்கும். விளிம்பு விறைத்ததும் கவிழ்த்துப் போடுங்கள். சக்கரத்தில் அடியைத் திறக்கும்போதே மையத்திலிருந்து வெளியேயும், வெளியிலிருந்து மையத்துக்கும் மூன்று நான்கு முறை அழுத்திவிட்டால் நடு வெடிப்பு பெரும்பாலும் வராது.

திகிரி

கண்மாய்க் கருப்பு மண் காய்ந்து சுட்டு முடியும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கலாம். பச்சைத் தகட்டில் 10 செ.மீ. கோடு கீறி, சுட்டபின் அளந்து கொள்ளுங்கள். 28 வேண்டுமென்றால் சக்கரத்தில் 31-க்கு மேல் இழுக்க வேண்டியிருக்கும். வளையங்களின் இடத்தையும் அந்த அளவுக்கு வைத்தே குறியுங்கள்.

கரைமண்

மூன்றாவது கழுவல் தண்ணீர் இன்று காலை வரை தெளியவில்லை. வினிகர் விடப் போகிறேன். கருப்பு ஸ்லிப்பில் நாலு தட்டு, வெளிர் ஸ்டோன்வேரில் 20 செ.மீ. பட்டையால் குறி போட்டுச் சங்குச் செலடனில் நாலு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் போடுகிறேன், திகிரி ஐயா பார்த்துச் சொல்லட்டும்.